எல்லைக்கல் வரைக்கும்

அத்தியாயம் 17

பங்குனி உத்திரத்தன்று காலை சங்கரி கொட்டகையின் தட்டியை விலக்கியபோது, அவளுடைய அண்ணன் திருஞானசம்பந்தம் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார். ராதாபுரத்தில் நாலரை மணிக்கே வேன் ஏறியிருக்க வேண்டும்.

வேனுக்குள் பொங்கல் பானைகளுக்கும் வாழை இலைக்கட்டுக்கும் நடுவே அவர் மனைவி, நீலாம்பாள் மைனி, உட்கார்ந்திருந்தாள். கொட்டகையை ஒட்டியிருந்த தன் மாமனாரின் பாளையங்கோட்டை வீட்டை அவள் வேனிலிருந்தே பார்த்தாள். இறங்கவில்லை.

"ஓடுமா?" என்றார் சம்பந்தம்.

சங்கரி வண்டியின் மேல் கிடந்த பழைய போர்வையை மடித்தாள்.

"ஒங்கிட்டதான் கேக்குதேன்."

"கேட்டுக்கிட்டே இரு."

போன வருஷம் இதே உத்திரத்தன்று, சாஸ்தா கோயிலில், வாயில் பொங்கலை வைத்துக்கொண்டு அவர் சொன்ன வார்த்தைதான் இவ்வளவுக்கும் காரணம். அப்பா தில்லைநாயகம் விட்டுப்போன ஜெர்மன் மோட்டார் சைக்கிள் அடுத்த உத்திரத்துக்குத் தன் காலால் கோயிலுக்கு வந்துவிட்டால் அது சங்கரிக்கு. வராவிட்டால் தனக்கு. அதுவும் தீர்த்தக்குடம் கோயிலுக்குள் போவதற்குள் வந்துவிட வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தாய்மாமன் அம்மையப்பன் மட்டும் சிரிக்காமல் இரண்டு பேர் நெற்றியிலும் விபூதி பூசி, பேச்சு பேச்சுதான் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அந்த வண்டி மூன்று சாக்குப் பைகளில் கிடந்தது. அதனால்தான் சம்பந்தம் துணிந்து சொன்னார்.

இப்போது அவருக்கு வண்டி தேவைப்பட்டது. குற்றாலத்தில் புதிதாக ஓட்டல் கட்டுகிற ஒருவர் அதைக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தி வைக்க ஆசைப்பட்டார். அவருக்கு மேலிடத்தில் ஆள் உண்டு. ராதாபுரத்தில் ஒன்பது வருஷமாக ஒரே நாற்காலியில் இருக்கும் சம்பந்தத்துக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல் வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஓட்டல்காரரின் ஆட்கள் இரண்டு பேர் நாடா பிடித்து வண்டியை அளந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் முன்னால் வண்டியைக் கிளப்பிக் காட்டுகிறேன் என்று சம்பந்தம் அதன் மேல் ஏறி உட்கார்ந்து, புல்லட்டை மிதிப்பதுபோல மிதித்தார். இந்த வண்டியின் மிதிகட்டை பின்பக்கமாகப் போகாது, பக்கவாட்டில் வெளியே போகும். கீழே இறங்கி நின்றுதான் மிதிக்க வேண்டும். அவருடைய கணுக்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை.

அந்தக் காலைச் சற்றே தூக்கி வைத்துக்கொண்டுதான் இப்போதும் நின்றார். புதுத் தோல் செருப்பு, இரட்டை அடி வைத்தது.

"உவரிக்காரன் சாமான் வந்துட்டா?" என்றார்.

சங்கரி நிமிர்ந்து பார்த்தாள்.

உவரி லியோன் அவளோடு வேலை பார்க்கும் ரோசம்மாள் டீச்சரின் தம்பி. சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் ஜெர்மனியில் தேடிப் பிடித்த ஏதாவது ஒரு பாகத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவான். இந்த முறை ஒரு ரப்பர் தட்டு வாங்கியிருப்பதாக எழுதியிருந்தான். கப்பல் இன்னும் தூத்துக்குடிக்கு வந்து சேரவில்லை.

"ஸ்கூல்ல பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கவ. நாப்பத்தொரு வயசாச்சு. ஒம்பேரு ஊர்ல எப்படி அடிபடுதுன்னு தெரியுமாட்டி?"

"நீ சொல்லித்தான் தெரியுது. இதுவரைக்கும் வேற யாரும் எங்கிட்ட சொல்லல."

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. அந்தக் குடும்பத்தில் பேசாமல் இருப்பதும் ஒரு விதமான சண்டைதான். அப்பா அதில் கெட்டிக்காரர். இரண்டு பிள்ளைகளும் அவரிடமிருந்து வேறெதை எடுத்துக்கொண்டார்களோ இல்லையோ, அதை எடுத்துக்கொண்டார்கள்.

சங்கரி ஆணி போலிருந்த சாவியை முகப்பு விளக்கின் தலையில் செருகி அழுத்தினாள். சின்னச் சிவப்பு வெளிச்சம் வந்தது. வண்டிக்கு இடப்பக்கம் நின்று மிதிகட்டையை ஒரே சீராக வெளியே தள்ளி மிதித்தாள். முதல் மிதியிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

முறுக்கினால் இந்த வண்டி ஒரு பக்கமாகத் தோளைச் சாய்த்து நிமிரும். கேள்வி கேட்டதும் திரும்பிப் பார்க்கிற மனிதனைப் போல. அதைப் பார்த்து சம்பந்தம் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். சங்கரி அதைக் கவனித்தாள்.

•

செய்துங்கநல்லூரைத் தாண்டியதும் காற்றில் வயல் ஈரம் வந்தது. சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். இடப்பக்கம் வாழைத்தோட்டங்கள் ஓடின, அதற்கு அப்பால் ஆறு.

பின்னால் வேன் வந்துகொண்டிருந்தது. ஒட்டி ஒட்டி வந்து ஹாரன் அடித்தது. அவள் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மணிக்கு நாற்பது.

ஆறு வருஷம். எஞ்சினின் மேல்மூடியைத் திறந்த முதல் நாள் உள்ளே கரப்பான் கூடு இருந்தது. அப்பா வேலை பார்த்த ஆலையில் இயந்திரம் பூட்ட வந்த ஜெர்மன் பொறியாளர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது அப்பாவிடம் கொடுத்த 1954ஆம் வருஷத்து பி.எம்.டபிள்யூ. அப்பா அதைப் பத்து வருஷம் ஓட்டினார், இருபது வருஷம் போர்த்தி வைத்தார். அதைத் தொடக்கூட விட்டதில்லை. அவர் போன பிறகுதான் சங்கரி முதல் திருகாணியைக் கழற்றினாள். ஸ்கூல் லேப் அலமாரியில் இருந்த திருகு அளவியால் தகட்டை அளந்து, அதை வைத்து வால்வு இடைவெளி பார்த்தாள். ஒரு மயிரிழை கூடினால் எஞ்சின் டக்கு டக்கு என்று புலம்பும். குறைந்தால் மூச்சுத் திணறும். சரியாக அமைந்துவிட்டால் தையல் இயந்திரம் மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் முதன்முதலாக வந்த சாயங்காலம் அவள் தரையில் உட்கார்ந்து, பெட்ரோல் தீரும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்கூலிலும் வீட்டிலும் எல்லாரும் அவளிடம் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஏன் கல்யாணம் பண்ணவில்லை, ஏன் தனியாக இருக்கிறாய், ஏன் கையெல்லாம் கரி. வண்டி எதையும் கேட்டதில்லை. தன் குறை எதுவோ அதை மட்டும் சொல்லும். அதைச் சரிசெய்தால் பேசாமல் இருக்கும். பேசாமல் இருப்பதில் பகை இல்லாத ஒரே இடம் அவளுக்கு அதுதான்.

கருங்குளத்தில் வேன் அவளை முந்திக்கொண்டு போனது. ஜன்னல் வழியாக அண்ணனின் முகம் ஒரு கணம் தெரிந்தது.

ஆழ்வார்திருநகரியைத் தாண்டிக் கால் பர்லாங் போயிருப்பாள். காலுக்குக் கீழே துணி கிழிவதுபோல ஒரு சத்தம் வந்தது. எஞ்சின் உறுமியது. வண்டி மட்டும் வேகம் குறைந்து நின்றுவிட்டது.

குனிந்து பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. இந்த வண்டிக்குச் சங்கிலி கிடையாது. ஓர் இரும்புத் தண்டு சுழன்றுதான் பின்சக்கரத்தைத் தள்ளும். எஞ்சினுக்கும் தண்டுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில், நாலு துளை போட்ட ஒரு ரப்பர் தட்டு. அதிர்ச்சியை எல்லாம் வாங்கிக்கொள்வது அதுதான். பழைய தட்டு முறுக்கு மாதிரி நொறுங்கிவிட்டதால், லாரி டயரிலிருந்து ஒன்றை அறுத்துப் போட்டிருந்தாள். ஐம்பது கிலோமீட்டர் தாங்கும் என்று கணக்குப் போட்டாள். முப்பத்திரண்டு தாங்கியிருக்கிறது.

கோயிலுக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர் இருந்தது. மணி எட்டே கால்.

•

அங்கிருந்து சற்றுத் தள்ளி, ஆற்றுக்குப் போகிற பாதையோரம் வேன் நின்றிருந்தது. குடும்பத்து மூத்த பிள்ளை தாமிரபரணியில் முங்கி எழுந்து, தீர்த்தக்குடத்தைத் தலையில் வைத்து, வெறுங்காலோடு சாஸ்தா கோயிலுக்கு நடந்து போக வேண்டும். வழியில் குடத்தை இறக்கக் கூடாது.

சம்பந்தம் ஈர வேட்டியோடு குடத்தைச் சுமந்து வந்தார். சாலையோரம் பின்சக்கரத்தைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருக்கும் தங்கையைப் பார்த்ததும் நின்றார்.

"முடிஞ்சுதா?" என்றார். சந்தோஷத்தை மறைக்கக்கூட அவர் முயலவில்லை. "நான் அப்பமே சொன்னேன். சாயங்காலம் வேன்ல ஏத்திக்கிடுவோம். கீறல் விழாமப் பாத்துக்கோ. கண்ணாடிக்குள்ள வைக்கப் போற பொருளு."

"குடம் இன்னும் உள்ள போகல."

"நடந்தே போயிருவேம்ட்டி. நீ உருட்டிட்டு வா. தேரி மணல்ல உருட்டிப் பாரு."

வீங்கிய காலைச் சற்றே இழுத்து வைத்தபடி அவர் நடந்து போனார். குடத்து நீர் அவர் பிடரியில் சொட்டிக்கொண்டிருந்தது.

சங்கரி கிழிந்த ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். சாலையில் பஸ் ஒன்று போனது, பிறகு ஒரு மாட்டுவண்டி. வண்டிக்காரர் மெதுவாகப் போய்க்கொண்டே அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"இது எதுக்கு ஆகும்?"

மைனியின் குரல். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான். நீலாம்பாள் வேனைவிட்டு இறங்கி, பத்தடி தள்ளி நின்றாள். கையில் சம்பந்தத்தின் தோல் செருப்புகள் இருந்தன.

சங்கரி செருப்பையும் மைனியையும் மாறி மாறிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த இருபது வருஷத்தில் நீலாம்பாள் அவளிடம் தானாக வந்து பேசியது நாலைந்து தடவை இருக்கும்.

"நல்ல தோலு. தீவாளிக்கு எடுத்தது. ரெட்ட அடி. ரெண்டையும் சேத்தா ஒன் ரப்பர் கனம் வரும்."

"எதுக்குத் தாரிய?"

"ஒனக்காக இல்ல." நீலாம்பாள் செருப்புகளை மண்ணில் போட்டாள். "வண்டி போனா அவுகளுக்கு மாத்தல் வரும். மாத்தல் வந்தா அந்த வீட்டுக்கு வரணும். ஒங்கூட ஒரே அடுக்களையில நிக்க எனக்கு முடியாது. ஒங்கப்பா இருக்கையில நின்ன நெலையே போதும். நீ ஒரு சொல்லு எனக்காகப் பேசலையே."

அது உண்மை.

"அண்ணன் கேட்டா?"

"தொலைஞ்சு போச்சும்பேன். சீக்கிரம் அறு."

ஸ்பேனர்களோடு துணியில் சுற்றியிருந்த கத்தியை சங்கரி எடுத்தாள். தோல் கத்திக்கு மசியவில்லை. வேனுக்குள் இருந்த அரிவாள்மனையைப் பார்த்தாள்.

"அது சாமிக்குக் காய் நறுக்குதது. அதத் தொட்டா நானே ஊரக் கூட்டிருவேன்," என்றாள் நீலாம்பாள்.

கத்தியைக் கல்லில் தீட்டித் தீட்டி அறுத்தாள். கிழிந்த ரப்பரை மேலே வைத்து, அதன் அளவுக்கே வட்டம். செருப்பின் முன்பாதத்தில் ஒரு வட்டம்தான் வந்தது. இரண்டு செருப்புக்கு இரண்டு தட்டு. ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் சரியான கனம். துளை போட ஆணி உதவாது, தோல் பிளந்துவிடும். குழாய் ஸ்பேனரின் வாயைத் தோல் மேல் நிறுத்திச் சுத்தியலால் அடித்தாள். வில்லை வில்லையாகத் தோல் கழன்று விழுந்தது. நாலு துளை. மறுபடி நாலு துளை.

பழைய தட்டைச் சுற்றியிருந்த இரும்பு வளையத்துக்குள் தோலை அழுத்தி இறக்கினாள். தண்டை முன்னால் தள்ளியதும், எஞ்சின் பக்கத்து முளைகள் இரண்டும் தண்டின் முளைகள் இரண்டும் நாலு துளைகளுக்குள் இறுக்கமாகப் போய் உட்கார்ந்தன. அந்த ஒரு கணத்தில் கோயில், குடம், அண்ணன் எதுவும் அவள் நினைவில் இல்லை. பொருந்தியது. அவ்வளவுதான்.

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நீலாம்பாள், "இதுல அப்படி என்ன இருக்கு?" என்றாள். வெறுப்போடுதான் கேட்டாள். ஆனால் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள் போலிருந்தது.

சங்கரி பதில் சொல்வதற்குள் டிரைவர் வந்துவிட்டான்.

•

தேரிக்காட்டு மணல்மேட்டுப் பாதையில் திரும்பி, வண்டி நின்ற இடத்திலிருந்து ஆறாவது கிலோமீட்டரில் அண்ணனின் முதுகு தெரிந்தது. செம்மண்ணில் குடமும் வெள்ளை வேட்டியுமாக அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது.

சங்கரி ஹாரன் அடிக்கவில்லை. சத்தம் கேட்டு அவரே ஒதுங்கினார். தலையில் குடம் இருந்ததால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, கண்ணை மட்டும் திருப்பினார். அவள் கடந்து போனாள்.

எல்லைக்கல் வந்தது. மஞ்சள் பூசிய, இடுப்பளவுக் கல். அதற்கு இருநூறு அடிக்கு அப்பால் கோயில். கல்லைச் சுற்றி நாற்பது ஐம்பது ஜோடி செருப்புகள் கிடந்தன. அந்தக் கல்லைத் தாண்டித் தோல் போகக் கூடாது. செருப்பு மட்டுமல்ல, இடுப்பு வாரும் தோல் பையும்கூடப் போகாது.

சங்கரி கல்லுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினாள்.

உடைமர நிழலில் அம்மையப்பன் மாமா உட்கார்ந்திருந்தார். எழுபது வயது. காலையிலிருந்து பட்டினி. முகத்தில் எரிச்சல்.

"வந்துட்டியா? உள்ள கொண்டா. குடம் வரப்போவுது."

அவள் எஞ்சினை அணைக்கவில்லை. உள்ளே தோல் இருப்பது யாருக்கும் தெரியாது. நீலாம்பாள் சொல்லமாட்டாள். இருநூறு அடி. முறுக்கினால் முடிந்தது.

தப்பான அளவை உள்ளே வைத்து மூடி, சரியாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட நாட்களும் அந்த ஆறு வருஷத்தில் இருந்தன. ஒவ்வொரு முறையும் வண்டி அதைக் காட்டிக்கொடுத்தது.

சாவியை உருவினாள். சத்தம் நின்றது.

வேன் வந்து நின்றது. சற்று நேரத்தில் குடமும் வந்தது. சொந்தக்காரர்கள் கோயிலிலிருந்து எட்டிப் பார்த்து, ஒவ்வொருவராகக் கல்லருகே கூடினார்கள்.

"ஏட்டி, ஏன் இங்கனயே நிப்பாட்டிட்ட?" என்றார் மாமா.

"உள்ள தோல் இருக்கு மாமா. ரப்பர் பிஞ்சு போச்சு. செருப்புத் தோல அறுத்து வச்சு ஓட்டிட்டு வந்திருக்கேன்."

"எவன் செருப்பு?"

நீலாம்பாள் வேனுக்குள் பானைகளை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

"அண்ணன் செருப்பு. நாந்தான் எடுத்தேன்."

யாரோ சிரித்தார்கள். சம்பந்தத்துக்குச் சிரித்தவர் யாரென்று திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்துக்கொண்டு, நேரே பார்த்தபடி பேசினார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. வண்டி கோயிலுக்கு வரல. எல்லையோட நின்னுட்டு. பேச்சு பேச்சுதான்."

"இருல," என்றார் மாமா. தன் வெறுங்காலை நீட்டிக் காட்டினார். "எஞ்செருப்பு எங்கன கெடக்கு?"

"இங்கன."

"நான் கோயிலுக்கு வந்திருக்கனா, இல்லியா?"

சம்பந்தத்தின் கண் கல்லருகே கிடந்த செருப்புக் குவியலுக்குப் போனது.

"வந்தவன் எல்லாம் தோல இங்கனதான விட்டுட்டுப் போறான். வண்டிக்குத் தோலக் கழத்த முடியாது, அதான் அதோடயே நின்னுட்டு. அவ்வளவுதான். பாக்கப்போனா ஒஞ்செருப்பு ஒனக்கு முன்னாலயே வந்து நிக்கி." அவர் கையை ஊன்றி எழுந்தார். "வண்டி அவளுக்கு. குடத்தக் கொண்டு உள்ள வை. பசிக்கி."

•

பூஜையும் சாப்பாடும் முடிய ஒரு மணி ஆகிவிட்டது. தேரி மணல் அடுப்புச் சாம்பல் மாதிரிக் கொதித்தது. எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சம்பந்தம் மட்டும் நிழல் விட்டு நிழல் தாவி வண்டியருகே வந்தார். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார்.

"வேற செருப்பு வாங்கித் தாரேன்," என்றாள் சங்கரி.

"நீயே வச்சுக்கோ."

சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். அதை அவளிடம் கொடுக்கவில்லை, காட்டினார்.

"மாத்தல் வெள்ளிக்கிழமையே வந்துட்டு. வண்டி வாரதுக்கு முன்னாலயே ஓட்டல்காரரு வேலைய முடிச்சுக் குடுத்துட்டாரு. இப்பம் நான் அவரு மூஞ்சில எப்படி முழிக்க?"

வேனுக்குள் பித்தளை மூடி ஒன்று கீழே விழுந்து உருண்டது. நீலாம்பாள் அதை எடுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமையா?" என்றாள் அங்கிருந்தே. "எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

சம்பந்தம் மனைவி பக்கம் திரும்பவில்லை. "அப்பா வீடு ரெண்டு பேருக்கும்தான். ஒண்ணாந்தேதி சாமான் வருது. கட்டிலும் பீரோவும் கொட்டகையிலதான் எறக்கணும். வண்டிய ஜெயிச்சுட்ட. அத எங்கன நிப்பாட்டுவன்னு யோசிச்சு வை."

அவர் தாவித் தாவி வேனுக்குப் போனார். நீலாம்பாள் இறங்கி வந்தாள். வெயிலில் நின்றபடி தோல் தட்டு இருந்த இடத்தைப் பார்த்தாள், பிறகு சங்கரியைப் பார்த்தாள். காலையில் இருந்த பகை அப்படியே இருந்தது. ஆனால் இப்போது அதில் பாதி வேனைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"அடுக்களையில மேக்கால உள்ள அடுப்பு எனக்கு," என்றாள். "இப்பமே சொல்லிட்டேன்."

வேன் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

சங்கரி ஆணிச் சாவியை அழுத்தினாள். மிதித்தாள். தையல் இயந்திரத்தின் சத்தம். தோல் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது.

தேரிப்பாதை தார்ச்சாலையில் போய் முட்டியது. இடப்பக்கம் பாளையங்கோட்டை, அண்ணனின் பீரோவும் கட்டிலும் வரப்போகிற கொட்டகை. வலப்பக்கம் போனால் திருச்செந்தூர், அங்கிருந்து கடலோரமாகவே போனால் உவரி. ரோசம்மாள் டீச்சர் ஒருதடவை சொல்லியிருந்தாள், தங்கள் உவரி வீட்டுக்குப் பின்னால் வலை வைக்கிற அறை ஒன்று லியோன் கப்பலில் இருக்கும்போதெல்லாம் சும்மா பூட்டித்தான் கிடக்கிறது என்று.

பேர் ஏற்கெனவே அடிபட்டுவிட்டது என்று அண்ணனே சொல்லிவிட்டார்.

முச்சந்தியில் அவள் நின்றாள். நெடுநேரம் நின்றாள். கைப்பிடி கைக்குள் துடித்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்த ஒரு லாரி பொறுமை இழந்து ஹாரன் அடித்தது.

சங்கரி வலப்பக்கம் திரும்பினாள்.